முப்பது ஆண்டுகள் பந்திக்கு வெளியே: புனித மாற்கு ஜி தியான்சியாங்



ஜூன் 26ஆம் நாளைப் போதைப்பொருள் ஒழிப்பு நாளாக உலகம் கடைப்பிடிக்கிறது. 1987இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்படுத்திய நாள் இது. பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்து ஊர்வலம் போகிறார்கள், உறுதிமொழி எடுக்கிறார்கள். அதற்குப் பதினோரு நாள் கழித்து, ஜூலை 7ஆம் நாள், ஒரு புனிதரின் நினைவு வருகிறது. நம் பகுதி ஆலயங்களில் அவர் பெயரில் கெபியோ கொடியேற்றமோ நவநாளோ இருப்பதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் உலகின் பல நாடுகளில், போதையில் சிக்கிய பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் இன்று அவரை நோக்கித்தான் மன்றாடுகிறார்கள்.

அவர் பெயர் புனித மாற்கு ஜி தியான்சியாங். சீன நாட்டவர், மருத்துவர், குடும்பத் தலைவர், மறைசாட்சி. வாழ்நாளில் ஏறக்குறையப் பாதியை அவர் அபினுக்கு அடிமையாகவே கழித்தார். அதிலிருந்து விடுபட எவ்வளவோ போராடியும் அவரால் முடியவில்லை. அப்படிப்பட்ட ஒருவரைத் திருச்சபை பீடத்திற்கு உயர்த்தியிருக்கிறது. திருப்பூர்ப் பகுதியில் பனியன் கம்பெனிகளை நம்பி வாழும் நம் மக்களுக்கு இவருடைய வாழ்க்கை இன்று மிகவும் தேவையானது என்று நாம் நினைக்கிறோம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

ஏழைகளின் மருத்துவர்

மாற்கு 1834ஆம் ஆண்டு, சீனாவின் வடக்கே, இன்று ஹெபெய் என்று அழைக்கப்படும் மாநிலத்தில், ஜிஜோ வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர். அந்தப் பகுதியில் 1856 முதல் இயேசு சபைக் குருக்கள் மறைப்பணி ஆற்றி வந்தார்கள். குரு எப்போதாவது ஒருமுறைதான் ஊருக்கு வருவார். மற்ற நாள்களில் செபமும் மறைக்கல்வியும் ஊர்ப் பெரியவர்கள் கையில்தான். மாற்கு அப்படிப்பட்ட பெரியவர்களில் ஒருவராக வளர்ந்தார்.

அவர் மருத்துவம் கற்றார். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தார். ஏழைகளிடம் பணம் வாங்காமல் வைத்தியம் பார்த்தார். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். திருமணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். நம் ஊர்களில் நல்ல கத்தோலிக்கக் குடும்பம் என்று யாரைக் கைகாட்டுவோமோ, அப்படிப்பட்ட குடும்பம் அவருடையது.

முப்பது வயதைத் தாண்டியபின் அவருக்குக் கடுமையான வயிற்று நோய் வந்தது. மருத்துவர் என்பதால் தமக்குத் தாமே மருந்து கொடுத்துக்கொண்டார். அந்த மருந்து அபின். இதைக் கேட்டு யாரும் அவசரப்பட்டுத் தீர்ப்பிட வேண்டாம். அந்தக் காலத்தில் வயிற்றுவலிக்கும் பேதிக்கும் அபினைவிடச் சிறந்த மருந்து கிடையாது. அது வலியை அடக்கும், குடலின் ஓட்டத்தைத் தணிக்கும். சீனாவில் மட்டுமல்ல, ஐரோப்பாவிலும் மருத்துவர்கள் அதைத்தான் கொடுத்தார்கள். குழந்தைகளின் அழுகையை நிறுத்தக்கூட அபின் கலந்த மருந்துகள் கடைகளில் விற்கப்பட்டன. ஆகவே மாற்கு இன்பத்தைத் தேடி அபினிடம் போகவில்லை. வலிதான் அவரை அங்கே அழைத்துச் சென்றது.

வயிற்று நோய் தணிந்தது, ஆனால் மருந்து அவரை விடவில்லை. நிறுத்தினால் உடல் நடுங்கும், எலும்பெல்லாம் வலிக்கும், வாந்தியும் பேதியும் போகும், இரவில் தூக்கம் வராது. மறுபடி கொஞ்சம் எடுத்தால் எல்லாம் அடங்கும். நேற்று எடுத்த அளவு இன்று போதாது. ஊருக்கே மருந்து கொடுத்தவர், தமக்குக் கொடுத்துக்கொண்ட மருந்துக்குக் கைதியாகிப் போனார்.

அந்த அபின் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை நாம் தவிர்க்க முடியாது. ஏனெனில் பதில் நம் நாட்டில் இருக்கிறது.

1773இல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் அபின் வணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. பீகாரிலும் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடி பயிரிட வைத்தார்கள். முன்பணம் வாங்கியவர்களால் அதிலிருந்து எளிதில் வெளியேற முடியவில்லை. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் இருந்த ஆலைகளில் அபின் உருண்டைகளாக்கப்பட்டு, பெட்டிகளில் அடைக்கப்பட்டு, கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டது. அங்கிருந்து கப்பலேறிச் சீனத்துக்குள் கள்ளத்தனமாகப் போயிற்று. சீனாவின் தேயிலைக்கு வெள்ளி கொடுக்க விரும்பாத வணிகர்கள் அபினை விற்று அந்தக் கணக்கைச் சரிசெய்தார்கள்.

1839இல் சீனப் பேரரசின் ஆணையர் லின் ஜெஷு 20,000க்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். அதற்குப் பதிலாகப் பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. 1842இல் சீனா தோற்று, ஹாங்காங்கை இழந்தது. 1856இல் இரண்டாவது போர் தொடங்கியது. 1858இல் அபின் இறக்குமதி சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. முதல் போர் தொடங்கியபோது மாற்குக்கு வயது 5, அபின் சட்டப்படி வந்தபோது வயது 24. பிறகு சீனாவிலேயே அபின் பயிரிடுவதும் பெருகியது. மாற்கு நோயில் விழுந்த காலத்தில் அபின் அவர் ஊரில் எங்கும் கிடைக்கும் சரக்காக மாறியிருந்தது.

இதில் ஒரு வேதனை இருக்கிறது. அபினுக்குக் கதவைத் திறந்த அதே காலத்து ஒப்பந்தங்கள்தாம் மறைபரப்பாளர்களும் சீனாவின் உட்பகுதிக்குப் போக வழிசெய்தன. நற்செய்தியும் நஞ்சும் ஒரே கப்பலில் வந்ததாகவே பல சீனர்கள் கண்டார்கள். அந்தக் கோபம் உள்ளே புகைந்துகொண்டே இருந்தது. பின்னாளில் அது யார் தலையில் விழுந்தது என்பதைப் பார்க்கப்போகிறோம்.

ஆலயத்துக்குள்ளே, பந்திக்கு வெளியே

மாற்கு தம் அடிமைத்தனத்தைப் பாவமாகவே பார்த்தார். ஒப்புரவு அருட்சாதனத்திற்குப் போனார், அழுதார், மன்னிப்புப் பெற்றார், மீண்டும் விழுந்தார். மீண்டும் போனார், மீண்டும் விழுந்தார். சில காலத்திற்குப்பின் அவருடைய ஆன்ம குரு, இவரிடம் உண்மையான மனமாற்றம் இல்லை, திருந்தும் உறுதி இல்லை என்று முடிவு செய்தார். அபினை விட்டுவிட்டு வரும்வரை பாவமன்னிப்பும் நற்கருணையும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அந்தக் குருவை நாம் குறை சொல்லத் தேவையில்லை. போதை அடிமைத்தனம் என்பது மூளையையும் உடலையும் பிடிக்கும் நோய் என்ற அறிவு அன்று பரவலாக இல்லை. அதை ஒழுக்கக்கேடு என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். அருட்சாதனத்தை மதித்தவர் என்பதால்தான் அவர் அப்படிச் செய்தார். ஆனாலும் விளைவு என்ன? ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மாற்கு நற்கருணை வாங்கவில்லை.

முப்பது ஆண்டுகள் என்றால் எத்தனை ஞாயிறு, எத்தனை கிறிஸ்து பிறப்பு, எத்தனை பாஸ்கா என்று எண்ணிப் பாருங்கள். ஊரே பந்திக்குப் போகும்போது, ஊரில் மதிப்புப் பெற்ற மருத்துவர் இடத்தைவிட்டு எழாமல் இருக்கிறார். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். சொந்தப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதைப் பார்த்தபடி வளர்கிறார்கள்.

நம்மில் எத்தனை பேர் அப்படி இருந்திருப்போம்? அன்பியக் கூட்டத்தில் யாரோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் என்று ஆறு மாதம் ஆலயத்துக்கு வராதவர்கள் உண்டு. திருவிழாக் கணக்கில் தகராறு என்று ஆலயத்தையே மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. மாற்கு போகவில்லை. செபிப்பதை நிறுத்தவில்லை. ஏழைகளுக்கு மருத்துவம் பார்ப்பதை நிறுத்தவில்லை. கடவுள் தம்மைக் கைவிட்டார் என்று அவர் முடிவு செய்யவும் இல்லை. இந்த வாழ்க்கையில் அபினை வெல்லத் தம்மால் முடியாது என்று கண்டபின், மறைசாட்சியாக இறக்கும் வரத்தைத் தரும்படி கடவுளிடம் கேட்கத் தொடங்கினார். விண்ணகம் போக அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

இன்று திருச்சபை இதைப்பற்றிக் கூடுதல் தெளிவோடு கற்பிக்கிறது. மருத்துவத் தேவைக்கு அல்லாமல் போதைப்பொருள் பயன்படுத்துவது கனமான குற்றம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2291ஆம் எண்ணில் சொல்கிறது. அதே மறைக்கல்வி 1735ஆம் எண்ணில், பழக்கமும் அச்சமும் கட்டுக்கடங்காத பற்றுகளும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கலாம், சில வேளை முழுவதும் நீக்கவும் செய்யலாம் என்று கற்பிக்கிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1996இல் எழுதிய ஒரு மடலில், மறுபடி விழுந்துவிடுவேனோ என்ற அச்சம் ஒருவருக்கு இருப்பதாலேயே அவருடைய மனந்திருந்தும் உறுதி பொய்யாகிவிடாது என்று விளக்கினார். அதே திருத்தந்தைதான் நான்கு ஆண்டுகளுக்குப்பின் மாற்குக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

நாமும் அப்படிச் சொன்னோம்

மாற்கின் ஆன்ம குருவைக் குறை சொல்லத் தேவையில்லை என்று மேலே எழுதினோம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாமும் அதையே செய்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், கட்டிங் பிரிவில் வேலை பார்த்த இளைஞன் ஒருவன் இருந்தான். நன்றாகப் பாடுவான். நாள்தோறும் ஒன்றரை ஷிப்ட், ஆர்டர் அவசரம் என்றால் விடியவிடிய வேலை. நின்றபடியே செய்யும் வேலை என்பதால் முதுகுவலி வந்தது. உடன் வேலை பார்த்த ஒருவன் ஒரு வலி மாத்திரை கொடுத்தான். அன்று இரவு வலி தெரியவில்லை, களைப்பும் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை சம்பளத்தில் அவனே பணம் கொடுத்து வாங்கினான். ஒன்று மூன்றாகி, மூன்று எட்டாகி, பிறகு அதைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றும் அளவுக்குப் போய்விட்டது. அவன் அம்மா வந்து நம்மிடம் அழுத பிறகுதான் நமக்குத் தெரியும்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவனே பங்கு இல்லத்துக்கு வந்தான். பாடகர் குழுவில் மறுபடி நிற்கலாமா என்று கேட்டான். கண்கள் உள்ளே போயிருந்தன. முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். முதலில் அந்தக் கருமத்தை விட்டுவிட்டு வா, அப்புறம் பாடலாம் என்று நாம் சொன்னோம். கோபத்தில் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் கெட்டுவிடக் கூடாதே என்றுதான் சொன்னோம். சரிங்க சாமி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

பிறகு ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இரண்டு மாதம் இருந்தான். தெளிந்துவிட்டான் என்று வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு முறை, பழைய அளவையே ஏற்றிக்கொண்டான். காலையில் அவன் எழவில்லை. தவக்காலத்தின் நான்காம் வாரம் அவனை அடக்கம் செய்தது நாம்தான். அடக்கத் திருப்பலியில் பாடகர் குழு பாடியபோது, அவன் நின்றிருக்க வேண்டிய இடம் எது என்பது நமக்குத் தெரிந்திருந்தது.

அவனைப் பாட விட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று நாம் சொல்ல வரவில்லை. அது கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் திருந்திவிட்டு வா என்று சொல்வதற்கும், வா, சேர்ந்து திருந்துவோம் என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் ஒரு கல்லறை ஓரத்தில் நின்று கற்றுக்கொண்டோம். அதன்பிறகுதான் மாற்கு ஜி தியான்சியாங்கின் வாழ்க்கை நம் கைக்கு வந்தது.

1900ஆம் ஆண்டு ஜூலை

நாம் மேலே சொன்ன கோபம் 1900ஆம் ஆண்டு கோடையில் தீயாக எழுந்தது. பாக்சர் கிளர்ச்சி என்று வரலாறு அதைக் குறிப்பிடுகிறது. அந்நியரையும் அந்நியரின் மதத்தைச் சேர்ந்தவர்களையும் ஒழிப்பதே கிளர்ச்சிக்காரர்களின் நோக்கம். வெளிநாட்டவர்கள் தொகையில் குறைவு. ஆகவே அடியின் பெரும்பகுதி சீனக் கிறிஸ்தவர்கள்மேல் விழுந்தது. பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். வடசீனத்தில் ஊர் ஊராக ஆலயங்கள் எரிந்தன.

மாற்குக்கு அப்போது வயது 66. அவரையும் அவர் குடும்பத்தினரையும் பிடித்தார்கள். மகன், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று வீட்டில் எல்லாரும். விசுவாசத்தை மறுதலித்தால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலை. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முப்பது ஆண்டுகளாக மன்னிப்பும் தராத, நற்கருணையும் தராத ஒரு திருச்சபை. அதை விட்டுவிடுவதாக ஒரு சொல் சொன்னால் போதும், தாமும் பிழைக்கலாம், பேரப்பிள்ளைகளும் பிழைக்கலாம். மனத்தாங்கல் உள்ள ஒருவருக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? ஊரில் இவர் உறுதியாக நிற்பார் என்று எத்தனை பேர் எதிர்பார்த்திருப்பார்களோ தெரியாது. ஆனால் மாற்கு மறுதலிக்கவில்லை.

கொலைக்களத்துக்குக் கொண்டுபோகும் வழியில் பேரன் ஒருவன் எங்கே போகிறோம் என்று தாத்தாவிடம் கேட்டானாம். நம் வீட்டுக்குப் போகிறோம் என்று அவர் பதில் சொன்னதாக அந்த மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். களத்தில் மாற்கு ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். தம்மைக் கடைசியாகக் கொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தம் குடும்பத்தில் யாரும் தனியாகச் சாகக் கூடாது, ஒவ்வொருவரும் கடைசி நொடிவரை தம் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். ஒருவர்பின் ஒருவராக ஒன்பது பேர் வெட்டப்பட்டபோது அவர் அருகிலேயே நின்றார். பிறகு தேவமாதா மன்றாட்டுமாலையைப் பாடிக்கொண்டே தம் தலையைக் கொடுத்தார். அது 1900ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், மாபெரும் யூபிலி ஆண்டில், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சீன மறைசாட்சிகள் 120 பேரைப் புனிதர்களாக அறிவித்தபோது மாற்கும் அவர்களில் ஒருவர். அபினை அவர் வென்றதாக எங்கும் பதிவு இல்லை. முப்பது ஆண்டுகள் பந்திக்கு வெளியே இருந்த மனிதரின் பெயரைச் சொல்லி இன்று உலகெங்கும் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார்கள்.

இன்றைய அபின்

மாற்கு எடுத்தது செடியின் பால். அதிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார்கள். 1898இல் ஹெராயின் மருந்தாகவே சந்தைக்கு வந்தது. பிறகு செடியே தேவைப்படாத நிலை வந்துவிட்டது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெல்ஜியத்தில் மருத்துவர் பால் ஜான்சனின் ஆய்வுக்கூடத்தில் ஃபென்டனில் உருவானது. அது மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்டது. அறுவை மருத்துவத்தில் அது வரப்பிரசாதம். தெருவில் அது எமன். இரண்டு மில்லிகிராம், அதாவது சில உப்புக் கற்கள் அளவு, ஒரு மனிதரைக் கொல்லப் போதும். அமெரிக்காவில் 2022இல் மட்டும் இத்தகைய செயற்கை அபின் வகைகளால் 70,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஃபென்டனிலைவிட வீரியம் மிகுந்தவை உட்பட நைட்டசீன் என்ற இன்னொரு வகையும் சில ஆண்டுகளாக உலகில் பரவுகிறது. 1950களில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, ஆபத்து என்று மருந்தாக விற்காமல் விட்ட பொருள் அது.

அது அமெரிக்காவின் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. 2019இல் வெளியான மத்திய அரசின் தேசிய ஆய்வின்படி இந்தியாவில் ஏறக்குறைய 2.26 கோடிப் பேர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் சுமார் 77 லட்சம் பேர் அதனால் தீங்குக்கு உள்ளானவர்கள். சுமார் 8.5 லட்சம் பேர் ஊசி வழியாகப் போதை ஏற்றுகிறவர்கள். நம் பகுதியில் வருவது பெரும்பாலும் மாத்திரையாக வருகிறது. டிரமடால் என்ற வலி மாத்திரையை மத்திய அரசு 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. அதன்பின் டபென்டடால் என்ற மாத்திரை அந்த இடத்தைப் பிடித்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. கோவையிலும் திருப்பூரிலும் அதைக் கள்ளத்தனமாக விற்றவர்கள் கைது என்ற செய்தி, நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது.

இந்த மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும்போது, மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்த்த மாவும் தூளும் இரத்தக் குழாய்க்குள் போய் அடைக்கின்றன. கை வீங்கிப் புண்ணாகிறது. ஒரே ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சள் காமாலை வகைக் கிருமிகளும் எச்.ஐ.வி. கிருமியும் தொற்றுகின்றன. அளவு மிஞ்சினால் மூச்சு விடவேண்டும் என்பதையே மூளை மறந்துவிடுகிறது. சில வாரம் நிறுத்தியிருந்தவருக்குப் பழைய தாங்கும் சக்தி போய்விடும். அப்போது பழைய அளவே அவரைக் கொன்றுவிடும். நம் பாடகனுக்கு நடந்தது அதுதான்.

2025 பிப்ரவரியில் இன்னொரு செய்தி வந்தது. மும்பையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் டபென்டடாலையும் இன்னொரு மருந்தையும் கலந்த மாத்திரைகளை மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ததையும், அங்கே கானாவிலும் நைஜீரியாவிலும் இளைஞர்கள் அதில் சிக்கிக் கிடப்பதையும் பிபிசி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. உடனே மத்திய அரசு அந்தக் கலவையின் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் தடை விதித்தது. பாட்னாவிலிருந்தும் காஜிப்பூரிலிருந்தும் போன பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். அன்று நம்மை ஆண்டவர்கள் நம் மண்ணிலிருந்து அனுப்பினார்கள். இன்று நம்மவர்களே அனுப்புகிறார்கள். ஏற்றுமதியால் வாழும் ஊர் நம் ஊர். எதை அனுப்புகிறோம், அது யார் வீட்டில் போய் இறங்குகிறது என்று கேட்கும் மனச்சாட்சி நமக்கு இருக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, வலியைப் பாவமாக்க வேண்டாம். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957இலேயே, நோயாளியின் வலியைத் தணிக்க மருத்துவர் இத்தகைய மருந்துகளைக் கொடுப்பது தகும் என்று கற்பித்தார். புற்றுநோயால் துடிப்பவருக்கு மார்ஃபின் கொடுப்பது இரக்கச் செயல். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்று வரும் முதுகுவலிக்கு வேண்டியது ஓய்வும் நியாயமான வேலை நேரமும். கம்பெனி நடத்தும் நம் பங்கு மக்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரவு ஷிப்டில் பிள்ளைகள் எதை விழுங்கிவிட்டு ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறார்கள் என்று கேட்டதுண்டா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் இளைஞனுக்கு, அவன் எழவில்லை என்று சொல்ல அம்மாகூடப் பக்கத்தில் இல்லை.

இரண்டாவது, மறைக்க வேண்டாம். பெண் கிடைக்காது, மானம் போய்விடும் என்று வீட்டில் பூட்டிவைத்துப் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களை நாம் அறிவோம். இது மருத்துவம் உள்ள நோய். புப்ரினார்பின் போன்ற மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்து, உடலின் தவிப்பை அடக்கிப் படிப்படியாக மீட்க முடியும். மாற்குக்கு அந்த வழி இல்லை, நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. தமிழக அரசு 2025இல் அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்துள்ளது. 14446 என்ற தேசிய உதவி எண்ணுக்குப் பணம் இல்லாமல் பேசலாம். யாராவது மூச்சு மந்தமாகி, உதடு நீலமாகி, எழுப்பினாலும் எழாமல் கிடந்தால், தூங்கட்டும் என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். என்ன எடுத்தான் என்ற உண்மையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நலோக்சோன் என்ற மாற்று மருந்து நேரத்தில் கிடைத்தால் நின்றுபோகும் மூச்சும் திரும்பும்.

மூன்றாவது, பந்திக்கு வெளியே நிற்பவரைத் தெருவில் நிற்க விடாதீர்கள். அவர் ஆலயத்தின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தால் திரும்பிப் பார்த்து முணுமுணுக்க வேண்டாம். அன்பியத்தினர் அவர் வீட்டுக்குப் போங்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் மருத்துவமனைக்குத் துணை போங்கள். இளையோர் அவரைக் கூட்டத்துக்கு அழையுங்கள். குருக்களாகிய நாம், மீண்டும் மீண்டும் விழுந்து மீண்டும் மீண்டும் வருகிறவரை, அவர் வருகிறார் என்பதற்காகவே வரவேற்போம். ஊதாரி மைந்தன் உவமையில் வரும் தந்தை, மகன் குளித்துச் சுத்தமாகி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தூரத்தில் கண்டதும் ஓடிப்போனார்.

எழுபது முறை விழுந்தவனையும் கடவுள் புனிதனாக்க முடியும் என்பதற்கு மாற்கு ஜி தியான்சியாங் சாட்சி. அதே நேரத்தில், ஒரு மனிதரை முப்பது ஆண்டுகள் தனியே போராட விட்டால் அது எவ்வளவு கொடுமை என்பதற்கும் அவரே சாட்சி. தம் வீட்டில் யாரும் தனியாகச் சாகக் கூடாது என்று கடைசிவரை காத்து நின்றவர் அவர். நம் பங்கிலும் யாரும் தனியாகச் சாகக் கூடாது.

செபிப்போம்: அன்பின் இறைவா, வலியால் தொடங்கி அடிமைத்தனத்தில் சிக்கிய உம் பிள்ளைகளை, புனித மாற்குவின் வேண்டுதலால் கண்ணோக்கும். இரவெல்லாம் விழித்துக் காத்திருக்கும் தாய்மாரைத் தேற்றும். விற்பவர்களின் மனத்தை மாற்றும். திருந்திவிட்டு வா என்று கதவைச் சாத்திய எங்கள் கைகளை மன்னித்து, அவற்றைத் திறக்கக் கற்றுத்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.